லண்டனுக்கு ஓர் ஒத்திகை

அம்மா வேலூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அன்று மாலை, நான் கணினியைத் திறந்து ஒரு புதிய பட்டியலைத் தொடங்கினேன். அழவும் செய்தேன். அழுதுகொண்டே தட்டச்சு செய்வது எனக்குக் கைவந்த விஷயம். மென்பொருள் வேலையில் பத்து வருடம் இருந்தால் யாருக்கும் வரும்.

என் தங்கை லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிரசவம். அம்மா போய்ப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. விசா, டிக்கெட், வேலூரில் கிளறி வைத்த பிரசவ லேகியம் எல்லாம் தயாராக இருந்தன. அம்மாவின் இடுப்பு மட்டும்தான் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. மூன்று மாதத்துக்கு வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கையின் மாமியார் உயிரோடு இல்லை. தங்கையின் கணவர் நல்ல மனிதர், ஆனால் வெந்நீர் வைக்கச் சொன்னால் எத்தனை டிகிரி என்று கேட்பவர். மிச்சமிருந்தது நான்.

பிரசவம் பார்க்கப் போகிறவள் கையை வீசிக்கொண்டு போக வேண்டும். என் இரண்டு கைகளையும் ஏற்கெனவே இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். இரட்டையர், இரண்டே முக்கால் வயது. மகள் பதினோரு நிமிடம் மூத்தவள். அந்தப் பதவியை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. மகன் எதையும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் நம்புவான். குழந்தை பிறந்தபின் எல்லோருமாகப் போய்ப் பார்க்கலாம் என்று எங்களுக்கும் முன்பே விசா வாங்கியிருந்தோம். ஆனால் இப்போது என் கணவருக்கு அலுவலகத்தில் நகர முடியாத வேலை. ஐந்தாவது வாரம் வந்து எங்களை அழைத்துக்கொண்டு திரும்புவதாகச் சொன்னார். ஆக, போகும்போது பத்தரை மணி நேர விமானத்தில் பெரிய ஆள் ஒன்று, சின்ன ஆள் இரண்டு.

தங்கையிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

“நீ ரெண்டு வாலையும் இழுத்துட்டு வந்து என்னைப் பாத்துக்கப் போறியா, இல்ல நான் இந்த வயித்தைத் தூக்கிட்டு உங்க மூணு பேரையும் பாத்துக்கணுமா?”

நானும் சிரித்தேன். பிறகு அவள் வேறொரு குரலில் கேட்டாள்.

“வந்துடுவ இல்ல?”

பட்டியலின் முதல் வரிசை அதுதான். ‘போய்ச் சேர வேண்டும்.’

நான்கு நாளில் பட்டியல் நூற்று எண்பத்தேழு வரிசைகளாக வளர்ந்தது. என்ன, எப்போது, என்ன தப்பாகலாம், என்ன தீர்வு, யார் பொறுப்பு என்று ஐந்து பத்திகள். முப்பத்தொன்றாவது வரிசை காது வலி. நாற்பத்து நான்கு, இருவருக்கும் ஜன்னல் சீட் வேண்டும். நாற்பத்தைந்து, இருவருக்கும் ஜன்னல் சீட் வேண்டாம். நாற்பத்தாறு, ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மற்றவருக்கு மூடியிருக்க வேண்டும். எழுபத்திரண்டு, லேகியத்தை முகர்ந்து பார்க்கும் சுங்க அதிகாரி. நூற்றுப் பத்தொன்பது, நான் கழிப்பறைக்குப் போக வேண்டும். இந்த வரிசைக்கு ‘தீர்வு’ என்று எதுவும் எழுத முடியவில்லை. ‘தண்ணீர் குடிக்காதே’ என்று மட்டும் எழுதினேன். பொறுப்புப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான். எல்லாவற்றையும் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

பட்டியல் முடிந்ததும் எனக்கு அடுத்த பயம் வந்தது. எங்கள் தொழிலில் ஒத்திகை பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை. அசலைப் போலவே ஒரு சோதனைக் களம் அமைத்து, அதில் ஓடவிட்டுப் பார்த்து, பிழைகளைத் திருத்திய பிறகுதான் நிஜ உலகத்துக்கு அனுப்புவோம். ஒரு பொத்தானின் நிறம் மாறுவதற்கே இவ்வளவும் செய்கிறோம். இரண்டு குழந்தைகளைக் கடல் தாண்டி அனுப்ப ஒத்திகை வேண்டாமா?

புறப்பட வேண்டிய வியாழனுக்கு முந்தைய ஞாயிறு என்று முடிவாயிற்று. காலை பத்து மணிக்குப் புறப்பாடு, இரவு எட்டரைக்குத் தரையிறக்கம், பெங்களூரில் எங்கள் ஹெப்பகோடி அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக் கூடத்தில். பத்தரை மணி நேரமும் தாங்கினால் போகிறோம். தாங்காவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தங்கைக்கு வேறு ஏற்பாடு பார்க்கிறோம். என் கணவர் இதைக் கேட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். அவரும் மென்பொருள்காரர்தான். “எதுல தோத்தா தோத்த மாதிரி, அதை முன்னாடியே எழுதிடு” என்று மட்டும் சொன்னார். எழுதினேன். ஒரே நேரத்தில் மூன்று பேரும் அழுதால் தோல்வி.

சாப்பாட்டு மேசை நாற்காலிகள் மூன்றையும் வரிசையாகப் போட்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு சாய்வு நாற்காலியில் கணவர். தன் இருக்கையைக் கடைசிவரை பின்னால் சாய்த்துவிட்டுத் தூங்கும் பயணி என்பது அவர் வேடம். அதற்கு அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. குளியலறைப் பக்கம் இஸ்திரி மேசையைப் போட்டு, அதுதான் இமிக்ரேஷன் என்று வைத்தேன். அங்கே நிற்க ஆள் வேண்டும்.

ஆள் தானாகவே வந்தார். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். முன்பு ஒரு துணித் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தப்பு இருந்தால் ஒதுக்கிப் போடுவது வேலை. எங்கள் வீட்டில் அவர் பெயரே செக்கிங் அக்கா. ஞாயிறு விடுமுறை என்றாலும், இந்த விஷயம் காதில் விழுந்ததும் இஸ்திரி போட்ட புடவையில் வந்து மேசைக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

என் பாஸ்போர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இதுல சிரிக்கவே இல்லையே மேடம். யாரு எடுத்தது?”

சிரிக்கக் கூடாது என்பது விதி என்றேன். நம்பாமல் தலையை ஆட்டினார். அடுத்து மகனுடையது. எட்டு மாதத்தில் எடுத்த படம். பிறந்த முடி எடுத்த மொட்டைத் தலை. எதிரே நிற்பவனுக்குச் சுருட்டை முடி.

“பீஸ் வேற, சாம்பிள் வேற. ரிஜெக்ட்.”

மகன் உதட்டைப் பிதுக்கினான். ஒத்திகை முதல் நான்கு நிமிடத்திலேயே தோற்றுவிடும்போல் இருந்தது. கணவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துவந்து அதிகாரியிடம் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. மனமிரங்கிய செக்கிங் அக்கா, பாஸான பீஸுக்கு ஓர் அடையாளம் வேண்டும், வெறும் கையோடு சும்னே அனுப்பக் கூடாது என்று சமையலறைக்குள் போனார். ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, பீட்ரூட் சாற்றில் தோய்த்து, இரண்டு பிள்ளைகளின் புறங்கையிலும் ஓர் அழுத்து. ஐந்து இதழ் பூவாக முத்திரை விழுந்தது. பிள்ளைகள் கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, கைகுலுங்காமல் நடந்து, விமானத்தில் ஏறினார்கள்.

அந்தப் பத்தரை மணி நேரத்தைப் பற்றி என் குறிப்புகள் ஏழு பக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன். பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் கேன் வந்தது. கேன் போடுகிறவர் வரிசை நாற்காலிகளையும் இடுப்பில் துப்பட்டாவால் கட்டப்பட்டிருந்த என்னையும் பார்த்துவிட்டு, கேனை நிலைப்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டரைக்குக் கணவர் வேடம் மாறி, தட்டில் உப்புமாவோடு வந்து “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்று கேட்டார். மகள் நான்வெஜ் என்றாள். அதுவும் உப்புமாதான். இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. கொந்தளிப்பு என்று அறிவித்தேன். மூன்றிலிருந்து ஐந்தரைவரை இருவரும் என்மேல் விழுந்து தூங்கினார்கள். எனக்கு இடது கால் மரத்துப்போய், பிறகு இடது காலே இல்லை என்று ஆகி, பிறகு அதுவும் பழகிவிட்டது. ஆறு மணிக்கு மகன் முன்சீட்டை உதைக்கத் தொடங்கினான். முன்சீட்டுப் பயணி வேடத்தை மறந்து திரும்பி ஓர் அதட்டல் போட்டார். மகன் அழுதான், மகளும் துணைக்கு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது; ஆனால் விதியை எழுதியவளே நான் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

எட்டரை ஆனது. தரையிறங்கியாயிற்று. இடுப்புத் துப்பட்டாவை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது, இறங்கி எங்கே போவது என்பதை நான் திட்டமிடவே இல்லை. பத்தரை மணி நேரம் பறந்த இரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் தொழில் வாழ்க்கையின் மிக மோசமான யோசனை அதுதான். படுக்கையறைக்குள் ஓடிப்போய் மடிக்கணினியில் தங்கையை அழைத்தேன். கதவைத் திறந்துவிட்டேன். கட்டில்மேல், திரையில், சித்தி.

“வாங்க வாங்க, எப்ப வந்தீங்க?” என்றாள் தங்கை, விஷயம் தெரியாமல்.

பிள்ளைகள் திரைக்கு முத்தம் கொடுத்தார்கள். கையிலிருந்த முத்திரையைக் காட்டினார்கள். பத்து நிமிடம் கழித்து இறங்கிக் கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள். நான் பட்டியலில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று குறித்துக்கொண்டேன். போகிறோம்.

மறுநாள் காலை என் மகள், கீழே செக்யூரிட்டியிடம், தான் லண்டன் போய்விட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். நான் ரசித்தேன். மாலைக்குள் லிஃப்டில் வந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் எங்கள் படுக்கையறையின் பெயர் லண்டன். “அப்பா எங்கடா?” என்றால் “லண்டன்ல தூங்குறாங்க.” துவைத்த துணி லண்டனில் மடித்து வைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அவர்கள் லண்டன் போய் வந்தார்கள். ஒருமுறை மறந்துபோன கரடி பொம்மைக்காக மட்டும்.

செவ்வாய் மாலை பெட்டிகளை இறக்கி வைத்து, வியாழக்கிழமை நாம் விமானத்தில் சித்தி வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று சொன்னேன். மகள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

“போயாச்சும்மா.”

இது வேறு விமானம், பெரியது என்றேன். மகன் வரிசை நாற்காலிகளைப் பார்த்தான். இரண்டாவது முறையும் பார்த்தான். “வீட்டு ப்ளேன் போதும்” என்றான். நாற்காலிகளை எடுத்து மேசையைச் சுற்றிப் போட்டேன். இருவரும் தரையில் படுத்துக்கொண்டு, விமானத்தைத் திரும்ப வைக்கும்வரை சாப்பிட மறுத்தார்கள். திரும்ப வைத்தேன். பெட்டியில் வைத்த சட்டைகளை மகன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் லண்டனில் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வந்தான்.

என் பிழை அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதனைக் களத்தில் அசலான எதையும் கலக்கக் கூடாது. இது முதல் வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விமானம் பொய், அதிகாரி பொய், கொந்தளிப்பு பொய். சித்தி மட்டும் அசல். ஒரே ஓர் அசல் போதும், முழுப் பொய்யும் உண்மையாகிவிட.

செக்கிங் அக்காவிடம் சொன்னேன். அவர் பிள்ளைகளுக்குத் தோசை ஊட்டியபடியே, முகம் மாறாமல் தீர்ப்புச் சொன்னார்.

“பீஸ்ல தப்பு இல்ல மேடம். பேட்டர்ன்லயே தப்பு.”

புதன்கிழமை தங்கை அழைத்தாள். குழந்தை சீக்கிரமே வரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்களாம். நான் இங்கே நடப்பதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மகன் பின்னாலிருந்து, பெரிய ப்ளேன்ல வர மாட்டேன் என்று கத்தியது அவளுக்கே கேட்டது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு, நாங்கள் இரண்டு பேருமே சமாளித்துக்கொள்கிறோம், பரவாயில்லை என்றாள். அவள் சின்ன வயதிலிருந்து எத்தனையோ ‘பரவாயில்லை’ சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது பரவாயில்லை என்கிற பரவாயில்லை இல்லை. எப்படியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எப்படி என்பதற்குப் பட்டியலில் வரிசை இல்லை.

வியாழன் காலை, கடைசியாக ஒருமுறை ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று பட்டியலைச் சரிபார்த்தேன். கீழே, பேனாவில், எனக்குத் தெரியாமல் ஒரு வரிசை சேர்ந்திருந்தது. குண்டுக் குண்டான கையெழுத்து. ‘188. வெண்டைக்காய் பாதி. டப்பாவில்.’ பொறுப்புப் பத்தியில் ‘அக்கா’.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அனுமதியில்லாமல் பட்டியலில் கைவைப்பது எனக்குப் பிடிக்காது. தவிர, அந்த ஊருக்குள் காய்கறி கொண்டுபோக முடியாது என்று அறுபத்து மூன்றாவது வரிசையில் தெளிவாகவே எழுதியிருந்தேன். டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுக்கப் போனேன்.

“இருக்கட்டும் மேடம். ஏர்போர்ட்டு தாண்டிட்டு வீசிடுங்க” என்றார் செக்கிங் அக்கா. சண்டை போட நேரமில்லை. விட்டுவிட்டேன்.

ஹெப்பகோடியிலிருந்து விமான நிலையம் போவதே பாதி வெளிநாட்டுப் பயணம். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் இருவரும் தூங்கிவிட்டார்கள். கணவர் வாசல்வரை வந்து, உள்ளே போக முடியாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். தூங்கி எழுந்த பிள்ளைகள் வண்டியில் உட்கார்ந்து பெட்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன இடம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இமிக்ரேஷன் வரிசையில் முக்கால் மணி நேரம். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்போல முகம். மூன்று பாஸ்போர்ட்டையும் பார்த்தார். மகனின் மொட்டைப் படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். முத்திரை குத்தினார், மூன்றையும் என்னிடம் தள்ளினார்.

நகரலாம் என்று கையைப் பிடித்தால், இரண்டு பேரும் நகரவில்லை. இந்தச் சடங்கு அவர்களுக்குத் தெரியும். இருவரும் மேசை விளிம்புக்கு எட்டி, புறங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவர்களைத் தூக்கப் பார்த்தேன். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் இன்னும் பாஸாகவில்லை என்று அழுகையினூடே எல்லோருக்கும் தெரிவித்தாள். மகன் துணைக்குத் தொடங்கினான். பின்னால் வரிசை நெளிந்தது.

“ஏன் பேகந்தெ இவ்ருகெ?” என்றார் அதிகாரி. என்ன வேணுமாம் இவங்களுக்கு?

நான் என் கன்னடத்தில் விளக்கினேன். வீட்டில் ஒத்திகை பார்த்தோம் சார், அங்கே ஒரு அதிகாரி இருந்தார் சார், அவர் கையில் வெண்டைக்காயால் முத்திரை போட்டார் சார். என் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பிழைகளுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட இவ்வளவு உண்மையாகவும் இவ்வளவு பைத்தியக்காரத்தனமாகவும் இருந்ததில்லை.

வெண்டைக்காய் என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் டப்பா நினைவுக்கு வந்தது. கைப்பையைத் துழாவி எடுத்தேன். உள்ளே ஈரத் துணியில் சுற்றிய அரை வெண்டைக்காய், வெட்டிய முகம் புதிதாக. சாறு இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதிகாரி வெண்டைக்காயைப் பார்த்தார். அதன்பின் தன் கணினித் திரையில் ஏதோ மிக முக்கியமானதைப் படிக்கத் தொடங்கினார். படித்துக்கொண்டே, முழங்கையால், மைப்பெட்டியை ஓரங்குலம் என் பக்கம் தள்ளினார்.

தோய்த்தேன். இரண்டு அழுத்து. ஐந்து இதழ்கள், அரசாங்க மையில், ஊதா நிறத்தில். அழுகை விசையை அணைத்ததுபோல நின்றது. இருவரும் கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, குலுங்காமல், எனக்கு முன்னால் நடந்தார்கள். அதிகாரி திரையைவிட்டுத் திரும்பவே இல்லை.

விமானத்துக்குள் மூன்று இருக்கைகள் வரிசையாக இருந்ததில் அவர்களுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. விளக்கு அணைந்ததும், எங்களுக்கு முன்னால் இருந்தவர் தன் இருக்கையைக் கடைசிவரை சாய்த்தார். “அப்பா!” என்று இரண்டு பேரும் சந்தோஷமாகக் கத்தினார்கள். அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். மகன் இரண்டாம் முறை பார்த்துவிட்டு, முகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உதைக்க ஆரம்பித்தான். அரை வெண்டைக்காய் சாப்பாட்டுத் தட்டோடு போனது. நூற்றுப் பத்தொன்பதாவது வரிசை தவிர மற்றதெல்லாம் எப்படியோ கடந்தது.

தங்கையை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்திருந்தாள். வெளியே வரும் வழியில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிள்ளைகள் ஓடவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்று அவளைத் தலையிலிருந்து கீழே பார்த்தார்கள். மகன் அவளைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“சித்திக்குக் காலு இருக்கு.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். பாதம் இரண்டும் வீங்கி, கணுக்கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தன் காலணி எதுவும் நுழையாமல் கணவரின் பெரிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், அந்தக் குளிரில். இத்தனை மாதமாகத் தினமும் அவளோடு பேசியிருக்கிறேன். நானும் திரையில் தோள்வரைதான் பார்த்திருக்கிறேன்.

“என்னடி இது கால்?” என்றேன்.

அவள் குனிந்து பார்க்க முயன்று, வயிறு மறைத்ததால் விட்டுவிட்டாள்.

“உன் லிஸ்ட்ல இல்லியா இது?”

“இல்ல.”

“அப்ப எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். நானும். அதைப் பார்த்து மகள், பிறகு மகன். ஒரே நேரத்தில் மூன்று பேர் அழுதால் தோல்வி என்று எழுதி வைத்திருந்தேன். நாங்கள் நான்கு பேர்.